முன்சக்கரம் இழந்ததைத் திருப்பிக் கொடுப்பது: எடை பகிரும் ஹிட்ச், புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுகிறவரை ஒருமுறையாவது நின்று பார்த்திருந்தால், இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்கு முன்பே தெரியும். மூட்டைகளைப் பின்னால் தள்ளி அடுக்கினால் வண்டி பின்பாரம் ஆகிவிடும். நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்னால் தள்ளி அடுக்கினால் முன்பாரம். நுகத்தடி கழுத்தை அழுத்தும். ஏற்றுகிறவர் ஏர்க்காலை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். பிறகு, "அந்தக் கடைசி மூட்டையை ஒரு முழம் முன்னே தள்ளு" என்பார். அவரிடம் தராசு கிடையாது. கைதான் தராசு.

அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்பத்தோடு முகாமுக்குப் போகிறவர்கள் பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் ட்ராவல் டிரெய்லரும் அதே மாட்டுவண்டிதான். கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் அடங்கிய சக்கர வீடு. இவற்றில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் நகரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் தயாராகிறது. நடுவில் ஒன்றோ இரண்டோ அச்சு. முன்னால் ஆங்கில ஏ எழுத்தைப்போலக் கூம்பும் இரும்புச் சட்டம். அதன் நுனியில் கப்ளர் என்னும் குழிந்த கிண்ணம். டிரக்கின் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புப் பந்தின்மேல் அந்தக் கிண்ணம் உட்காரும். பந்தைத் தாங்கி இரண்டு வண்டிகளையும் பிணைக்கும் இரும்பு அமைப்புக்குத்தான் ஹிட்ச் என்று பெயர். கொஞ்சம் பெரிய டிரெய்லர்களுக்கு இந்தப் பந்து பெரும்பாலும் 2 5/16 அங்குலம்.

பந்தின்மேல் டிரெய்லரின் மூக்கு எவ்வளவு எடையை வைக்கிறதோ அதற்கு இங்கே டங் வெயிட் என்று பெயர். நாம் முன்பாரம் என்றே சொல்லலாம். நம் சொல்தான் பழையது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்பாரம் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 6,000 பவுண்டு, அதாவது சுமார் 2,700 கிலோ எடையுள்ள டிரெய்லருக்கு 600 முதல் 900 பவுண்டு.

எதற்கு இவ்வளவு? ஐந்தாறு பேர் ஏறி நிற்கிற பாரத்தை டிரக்கின் வாலில் எதற்குச் சுமத்த வேண்டும், அச்சின்மேல் சமமாக நிறுத்திவிட்டால் ஆகாதா என்று எனக்கும் தோன்றியது. ஆகாது. முன்பாரம் குறைந்த டிரெய்லர் ஓரளவு வேகம் எடுத்ததும் வாலாட்டத் தொடங்கும். பெரிய லாரி ஒன்று கடந்துபோகும்போது கிளம்பும் காற்று போதும். டிரெய்லரின் பின்புறம் இடமும் வலமுமாக ஆடும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். முடிவில் நாய் வாலை ஆட்டுகிறதா, வால் நாயை ஆட்டுகிறதா என்றே தெரியாமல் போகும். அதனால் முன்பாரம் வேண்டும். தவிர்க்க முடியாத அந்த முன்பாரம் டிரக்கை என்ன செய்கிறது, அதற்கு என்ன மாற்று என்பதுதான் இனி நாம் பார்க்கப்போவது.

மாடு பாரத்தைத் தன் கால்களுக்கு மேலே, கழுத்தில் வாங்குகிறது. டிரக்கோ தன் பின்சக்கரங்களையும் தாண்டி, வாலுக்குக் கீழே வாங்குகிறது. சிக்கல் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது. பின் அச்சு, பூங்காவில் குழந்தைகள் ஏறி இறங்கி ஆடும் சீசாப் பலகையின் நடுத்தாங்கிபோல ஆகிவிடுகிறது: பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் எழும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரக்கின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 145 அங்குலம். பின் அச்சிலிருந்து பந்துவரை 65 அங்குலம். பந்தின்மேல் 780 பவுண்டு. முன்சக்கரங்கள் இழப்பது 780ஐ 65ஆல் பெருக்கி 145ஆல் வகுத்தால் கிடைப்பது: 350 பவுண்டு. பின்சக்கரங்கள் வாங்குவது 780 அல்ல. அந்த 780ம் முன்னாலிருந்து வந்த 350ம் சேர்ந்து 1,130 பவுண்டு. முதல்முறை இதைக் கணக்கிட்டபோது நான் எங்கோ பிழை செய்துவிட்டதாக நினைத்து மறுபடியும் போட்டேன். பிழை இல்லை. வாலில் வைத்த பாரம் தன் எடையைவிட அதிகமாகவே பின்சக்கரத்தை அழுத்தும்.

முன்சக்கரம் இலேசாவதன் விளைவுகளை வண்டி தானே சொல்லும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் உடனே கேட்காது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கர பிரேக்குகளுடையது. அங்கே பிடிப்பு குறையும். முகப்பு விளக்குகள் சாலையை விட்டுவிட்டு எதிரில் வருகிறவர் முகத்தைப் பார்க்கும்.

இதற்குக் கண்ட மாற்றுதான் எடை பகிரும் ஹிட்ச். அது வேலை செய்யும் விதத்தை விளக்கப் பலரும் வரைபடம் போடுவார்கள். எனக்கு இரண்டு ஆட்களும் இரண்டு கடப்பாரைகளும் போதும். டிரெய்லரின் மூக்குச் சட்டத்தின்மேல் இரண்டு ஆட்கள் நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு கடப்பாரை. கடப்பாரையின் முன்நுனியைப் பந்துக்குக் கீழே, டிரக்கோடு பிணைந்த இரும்புத் தலைக்குள் செருகியிருக்கிறார்கள். பின்நுனியைப் பிடித்து இருவரும் பலங்கொண்ட மட்டும் மேலே தூக்குகிறார்கள். டிரக்கின் வால் எழும்புகிறது, மூக்கு தாழ்கிறது. முன்சக்கரத்துக்கு எடை திரும்புகிறது. அதே நேரத்தில் அவர்களுடைய கால்கள் தாங்கள் நிற்கும் சட்டத்தைக் கீழே மிதிக்கின்றன அல்லவா? அந்த மிதிதான் டிரெய்லரின் அச்சுகளுக்குப் போகிற பங்கு.

அந்தக் கடப்பாரைகள்தான் ஸ்பிரிங் பார் எனப்படும் எஃகுக் கம்பிகள். ஆட்களின் கைகளுக்குப் பதிலாகச் சங்கிலியோ எல் வடிவத் தாங்கியோ அவற்றின் பின்நுனியைத் தூக்கிப் பிடித்து நிற்கிறது. கம்பி வளைந்து வில்லைப்போல விறைத்திருக்கும்; அந்த விறைப்பில்தான் விசை இருக்கிறது.

மேலே சொன்ன அதே டிரக்கில், முன்சக்கரம் இழந்த 350இல் பாதியைத் திருப்பும் அளவுக்குக் கம்பிகளை இறுக்கினோம் என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரின் அச்சு பந்திலிருந்து 200 அங்குலம் பின்னால் இருக்கிறது. இப்போது முன் அச்சின் இழப்பு 175 மட்டும். பின் அச்சு வாங்கியது 1,130இலிருந்து 860ஆகக் குறைகிறது. டிரெய்லர் அச்சுக்கு 95 பவுண்டு கூடுகிறது. கூட்டிக் கழித்துப் பாருங்கள், அதே 780தான். ஒரு பவுண்டுகூட மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. கம்பி முப்பது அங்குல நீளம் என்றால், இந்த வேலைக்கு ஒவ்வொரு நுனியிலும் ஏறத்தாழ 320 பவுண்டு விசை வேண்டும். கையால் தூக்க முடியாத விசை என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள்.

பாதியைத்தான் திருப்ப வேண்டுமா? முழுவதையும் திருப்பினால் இன்னும் நல்லதுதானே? பழைய கையேடுகள் பல அப்படித்தான் சொல்லின: டிரெய்லர் மாட்டும் முன் இருந்த நிலைக்கே முன்பக்கத்தைக் கொண்டுவா என்று. இப்போது பல டிரக்குகளின் கையேடுகள் பாதியோடு நிறுத்தச் சொல்கின்றன. சில வண்டிகளுக்கு வேறு அளவு இருக்கிறது. காரணம் எளிமையானது. முன்னுக்குக் கொடுப்பது பின்னிலிருந்து பிடுங்குவது. அளவுக்கு மீறிப் பிடுங்கினால் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு போய்விடும். வளைவிலும் ஈரத்திலும் டிரக்கின் பின்பாதி வெளியே வழுக்கப் பார்க்கும். பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளிக்கொண்டே வரும் வேளையில் அது வழுக்கினால், மடக்குக்கத்தி மடங்குவதுபோல இரண்டு வண்டிகளும் மடங்கிக்கொள்ளும். முன்சக்கரம் கொஞ்சம் இலேசாக இருப்பதை ஓட்டுநர் ஸ்டியரிங்கில் உணர்ந்து வேகத்தைக் குறைப்பார். பின்சக்கரம் வழுக்குவதை உணரும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். ஆகவே உங்கள் டிரக்கின் கையேட்டில் என்ன அளவு எழுதியிருக்கிறதோ அதுவே இறுதி. நான் சொல்வதும் பக்கத்து முகாமில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அனுபவசாலி சொல்வதும் அதற்குப் பிறகுதான்.

இந்த இரண்டு தவறுகளையும் நான் ஒரே பயணத்தில் செய்தேன்.

டிரெய்லரை விற்ற கடைக்காரர் காலி டிரெய்லரை என் காலி டிரக்கில் மாட்டி, இருபது நிமிடத்தில் கம்பிகளை ஏதோ ஒரு கணக்கில் இறுக்கி, கைகுலுக்கி அனுப்பினார். வீட்டுக்கு வந்து தண்ணீர் நிரப்பினோம். எரிவாயு உருளை இரண்டு, அரிசி, பாத்திரம், சைக்கிள்கள், எல்லாவற்றுக்கும் மேலே என் மனைவி விடாப்பிடியாக எடுத்து வைத்த மாவரைக்கும் கிரைண்டர். நான்கு பேர் ஏறினோம். டல்லாஸ் பக்கத்திலிருந்து 287ஆம் எண் நெடுஞ்சாலையில் அமரில்லோவை நோக்கி, பாலோ டூரோ பள்ளத்தாக்குப் பூங்காவுக்குப் பயணம். டெக்சாஸின் அந்த வடமேற்கு மூலையில் காற்றை மறைக்க ஒரு மரம்கூடக் கிடையாது. ஸ்டியரிங் வெண்ணெயில் விட்ட கரண்டிபோல இருந்தது. இருட்டியதும் எதிரில் வந்தவர்கள் ஒருவர் விடாமல் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார்கள். நான் சாதாரண விளக்கில்தான் போகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன். காலி வண்டிக்கு வைத்த இறுக்கம் நிறைவண்டிக்குப் போதவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

பூங்காவில் யாரோ, "கம்பி தளர்ந்திருக்கிறது, இறுக்கு" என்றார். சங்கிலியில் இரண்டு வளையம் ஏற்றி இறுக்கினேன். அளக்கவில்லை. இறுக்கினால் நல்லது, மேலும் இறுக்கினால் மேலும் நல்லது என்பது அப்போதைய என் அறிவு. திரும்பும் வழியில் விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டி மழை. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவுச் சாலையில் மெதுவாகத்தான் திரும்பினேன். டிரக்கின் பின்பக்கம் ஒரு சாண் வெளியே நழுவிவிட்டுத் திரும்பியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அளக்கும் டேப் எடுத்தேன்.

டேப்பும் ஒரு பென்சிலும்

அளப்பதற்கு வேண்டியது சமதளம். வீட்டு வாசல் சரிவு ஆகாது; பள்ளிக்கூட வாகன நிறுத்தம்போல ஓர் இடம் பாருங்கள். பயணத்துக்கு எப்படிப் போவீர்களோ அப்படியே டிரக்கும் டிரெய்லரும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும்: தண்ணீர், உருளை, மளிகை, ஆட்கள். ஆட்களை வெயிலில் வண்டிக்குள் உட்கார வைப்பதுதான் இதில் கடினமான பகுதி. டயர்களில் காற்று முதலில். தானே மட்டம் சரிசெய்துகொள்ளும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால், அளக்கும்போது அதை நிறுத்த வேண்டுமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது உங்களோடு சேர்ந்து விளையாடி எண்களைக் கெடுக்கும்.

டிரெய்லரை மாட்டாமல், முன்சக்கரத்தின் நடுவுக்கு நேர்மேலே உள்ள சக்கரவளைவின் விளிம்பில் காகித நாடா ஒட்டிப் பென்சிலால் ஒரு கோடு. கோட்டிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். என் வண்டியில் 36¾ அங்குலம். பின்சக்கரத்துக்கும் அப்படியே அளந்து எழுதிக்கொண்டேன்.

அடுத்து, டிரெய்லரைப் பந்தில் உட்கார வைத்து, கப்ளரைப் பூட்டி, மூக்கின் ஜாக்கியை முழுவதும் ஏற்றிவிட்டு, கம்பிகளை மாட்டாமல் அளக்க வேண்டும். அதற்கு முன் வண்டியைப் பத்தடி முன்னே நகர்த்தி நிறுத்தினால் ஸ்பிரிங்குகள் தம் இடத்தில் அமரும். இதைச் செய்யாமல் அளந்தால் கால் அங்குலம் ஏமாற்றும். முன்பக்கம் இப்போது 37¾. அதாவது முன்மூக்கு ஓர் அங்குலம் எழுந்திருக்கிறது. பாதியைத் திருப்ப வேண்டும் என்றால் இலக்கு 37¼. நான் மழையில் நழுவிய நாளில் என் முன்பக்கம் இருந்த அளவு 36½. டிரெய்லர் இல்லாத நிலையைவிடவும் தாழ்வு. அந்த எண்ணைப் பார்த்ததும்தான் நடந்தது என்னவென்று புரிந்தது. இழந்ததைத் திருப்பியதோடு நிற்காமல், பின்சக்கரத்தின் சொத்தையும் எழுதி வாங்கியிருந்தேன். டிரெய்லர் மாட்டாத அளவுக்குக் கீழே முன்பக்கம் ஒருபோதும் போகக்கூடாது. இதற்கு எந்தக் கையேட்டிலும் விலக்கு பார்த்ததில்லை.

மூன்றாவது, கம்பிகளை மாட்டி அளப்பது. 320 பவுண்டு விசை என்று சொன்னேனே, அதைக் கையால் எதிர்க்க வேண்டாம். கப்ளர் பூட்டியிருக்கிறதா என்று மறுபடியும் பார்த்துவிட்டு, மூக்கின் ஜாக்கியை இறக்கி, டிரெய்லரின் மூக்கையும் அதோடு பிணைந்த டிரக்கின் வாலையும் சேர்த்து நான்கைந்து அங்குலம் மேலே தூக்குங்கள். தூக்கியதும் கம்பியின் நுனி சங்கிலிக் கொக்கிக்கு அல்லது தாங்கிக்கு அருகில் வந்துவிடும். சிறிய முயற்சியில் ஏறும். பிறகு ஜாக்கியை ஏற்றினால் வண்டியின் எடையே கம்பியை விறைக்க வைக்கும். இந்த வேளையில் முகத்தைக் கம்பிக்கு நேராக வைத்துக்கொண்டு குனியாதீர்கள். கொக்கி நழுவினால் அந்த நெம்புகோல் எகிறும் வேகம் எலும்பை உடைக்கும். கழற்றும்போதும் இதே வரிசை, இதே எச்சரிக்கை: முதலில் ஜாக்கியால் தூக்கு, பிறகு கம்பி, அதன் பிறகே கப்ளர்.

அளவு இலக்கில் இல்லையென்றால் மாற்றுவதற்கு மூன்று இடங்கள் இருக்கின்றன. முதலாவது, சங்கிலி அல்லது தாங்கி. சங்கிலியில் ஒரு வளையம் ஏற்றிக் கோத்தால் இறுக்கம் கூடும், இறக்கினால் குறையும். எல் வடிவத் தாங்கியாக இருந்தால் அதை ஒரு துளை மேலே உயர்த்தினால் இறுக்கம் கூடும். ஆனால் சங்கிலியை ஏற்றிக்கொண்டே போக முடியாது. வண்டி திரும்பும்போது கம்பி பக்கவாட்டில் அசையச் சங்கிலிக்கு நீளம் வேண்டும். பல கையேடுகள் கம்பிக்கும் கொக்கிக்கும் இடையே குறைந்தது ஐந்து வளையங்கள் இருக்கச் சொல்கின்றன. அங்கே இடம் தீர்ந்துபோனால் அடுத்த இடம் ஹிட்சின் தலை. தலையைப் பின்னோக்கிச் சாய்த்தால், டிரெய்லர் பக்கமுள்ள கம்பிநுனிகள் தாழும். தாழ்ந்த நுனியைப் பழைய உயரத்துக்கே தூக்க அதிகமாக வளைக்க வேண்டும் என்பதால் அதே சங்கிலியில் அதிக விசை கிடைக்கும். பெரும்பாலான தலைகளில் இந்தச் சாய்வை வாஷர்களைக் கூட்டியும் குறைத்தும் வைக்கிறார்கள். என்னுடையதில் ஒரு வாஷரைச் சேர்த்து ஒரு வளையத்தை இறக்கியபோதுதான் 37¼ சரியாக வந்தது.

மூன்றாவது இடம் பந்தின் உயரம். இது உண்மையில் எல்லாவற்றுக்கும் முன்னால் சரிசெய்ய வேண்டியது. நான் கடைசியில் சொல்வதற்குக் காரணம், பெரும்பாலும் ஒருமுறை வைத்தால் போதும். டிரெய்லரைத் தனியாக மட்டமாக நிறுத்தி, கப்ளரின் உயரத்தை அளந்து, பந்தை அதைவிட அரை முதல் ஓர் அங்குலம் உயரமாக வைப்பார்கள். மாட்டியதும் டிரக் கொஞ்சம் தாழுமல்லவா, அதற்கு இடம். எல்லாம் முடிந்தபின் டிரெய்லர் மட்டமாக அல்லது மூக்கு சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் பின்பாரம், மீண்டும் வாலாட்டம்.

எந்த நட்டைத் தளர்த்தினாலும் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால், அதாவது முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானரால், திருப்பி இறுக்க வேண்டும். பந்தின் அடிநட்டு வீட்டு ஸ்பானருக்கு மசியாது, அதற்குப் பட்டறைதான்.

எடைமேடை சொல்வது

உயரத்தை அளப்பது நல்ல வழி. ஆனால் அது மறைமுகமான வழி. எடையை நேராகவே பார்த்துவிடலாம். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையங்களில் கேட் ஸ்கேல் என்ற பெரிய எடைமேடை இருக்கும். 1977இல் அயோவா மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம். மேடை தனித்தனிப் பலகைகளாக இருப்பதால் முன் அச்சு ஒன்றில், பின் அச்சு மற்றொன்றில், டிரெய்லர் இன்னொன்றில் நிற்கும்படி ஓட்டி நிறுத்தினால் மூன்று எடைகளும் ஒரே சீட்டில் வந்துவிடும். மூன்று முறை நிறுத்த வேண்டும்: கம்பி மாட்டி, கம்பி இல்லாமல், டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு டிரக் மட்டும். முதல் எடைக்குப் பிறகு அதே நாளில் மறுபடி எடை போட்டால் கட்டணம் குறைவு. பின்னால் லாரிகள் காத்திருக்கும். காலை நேரத்தில் போகாதீர்கள்.

என் சீட்டுகளில் இருந்தது இது. டிரக் மட்டும்: முன் 3,300, பின் 2,700. டிரெய்லரோடு, கம்பி இல்லாமல்: முன் 2,960, பின் 3,820, டிரெய்லர் 5,220. கம்பியோடு: முன் 3,120, பின் 3,560, டிரெய்லர் 5,320. இழந்தது 340, திரும்பியது 160. காகிதத்தில் போட்ட கணக்குக்கும் சீட்டுக்கும் இடையே ஒரு மூட்டை அரிசியின் வேறுபாடுகூட இல்லை. இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. என் வண்டியின் கதவுத்தூணில் பின் அச்சின் வரம்பு 3,800 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. கம்பி இல்லாமல் நான் அதைத் தாண்டியிருந்தேன். கம்பியோடு வரம்புக்குள் வந்துவிட்டேன்.

எடைமேடைக்குப் போகச் சோம்பலா? முன்பாரத்தை மட்டுமாவது குளியலறைத் தராசில் பார்க்கலாம். உறுதியான ஒரு மரச்சட்டத்தின் ஒரு முனையைச் செங்கல்மேலும் மறுமுனையைத் தராசின்மேலும் வையுங்கள். இரு முனைகளிலும் சட்டத்துக்கு அடியில் ஒரு குழாய்த்துண்டு இருந்தால் தாங்குமிடம் துல்லியமாக இருக்கும். டிரெய்லரின் மூக்கைச் செங்கல் பக்கத்திலிருந்து ஓரடி தள்ளியும் தராசிலிருந்து இரண்டடி தள்ளியும் இருக்குமாறு சட்டத்தின்மேல் இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் முன்பாரம். எனக்கு 260 காட்டியது. சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்காமல் இதைச் செய்யாதீர்கள்.

இந்த ஹிட்ச் செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். விற்கிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். இது டிரக்கின் சுமைத்திறனைக் கூட்டாது. கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவுதான் என்று ஓர் எண் இருக்கும். அதற்குள்தான் ஆட்கள், கூலர், முன்பாரம், ஹிட்சின் சொந்த எடை எல்லாம் அடங்க வேண்டும். ஹிட்ச் மட்டுமே நாற்பது கிலோ அளவுக்கு இருக்கும். அதேபோல டிரக்கின் ரிசீவர் என்னும் சதுரக் குழாயில் ஒட்டிய சீட்டையும் படியுங்கள். பலவற்றில் இரண்டு வரிகள் இருக்கும்: எடை பகிரும் ஹிட்ச் இல்லாமல் ஒரு வரம்பு, இருந்தால் அதைவிட உயர்ந்த வரம்பு. என் பழைய டிரக்கில் முதல் வரியின்படி 500 பவுண்டு முன்பாரம்தான் அனுமதி. 780ஐ அதில் வெறும் பந்தில் தொங்கவிட்டிருந்தால் அந்தக் குழாய்க்கே ஆபத்து.

தவறாக ஏற்றிய டிரெய்லரையும் இது திருத்தாது. வாலாட்டத்தைக் குறைக்க உராய்வுத் தகடுகளோ வேறு அமைப்போ சேர்ந்தே வரும் ஹிட்சுகள் உண்டு, நல்லவைதான். ஆனால் சைக்கிளையும் தண்ணீர்க் கேனையும் பின்னால் தொங்கவிட்டு முன்பாரத்தை 7 விழுக்காடாக ஆக்கிவிட்டு, தகடு பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது, மூட்டையைப் பின்னால் அடுக்கிவிட்டு மாட்டை அதட்டுவதற்குச் சமம். மூட்டையை முன்னே தள்ளுங்கள்.

கம்பி வாங்கும்போது பெரியதாகவே வாங்கிவிடலாம் என்ற ஆசையும் வரும். 600, 800, 1,000, 1,200 பவுண்டு என்று முன்பாரத்தின் அளவுக்கு ஏற்பக் கம்பிகள் விற்கிறார்கள். தேவைக்கு மிகவும் விறைப்பான கம்பி வளையாது. பள்ளம் வரும்போதெல்லாம் டிரக்கையும் டிரெய்லரின் சட்டத்தையும் உதறும். ஏற்றியபின் உள்ள உண்மையான முன்பாரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். விற்பனைத் தாளில் அச்சிட்டிருக்கும் காலி டிரெய்லரின் முன்பாரத்தை நம்பி வாங்கினால் அது பெரும்பாலும் போதாது.

ஏற்றம் மாறினால் எண்ணும் மாறும். என் டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டி நாற்பது காலன்; நிரப்பினால் ஏறத்தாழ 330 பவுண்டு, அதுவும் அச்சுக்கு முன்னால். போகும்போது நிறைந்தும் வரும்போது வற்றியும் இருப்பதால் அதே சங்கிலி வளையம் இரண்டு பயணங்களுக்கும் பொருந்தவில்லை. டாஷ்போர்டுப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டியிருக்கும் துண்டுத்தாளில் இப்போது இரண்டு வரிசை எண்கள் இருக்கின்றன: தொட்டி நிறைந்தால் எத்தனையாவது வளையம், காலியானால் எத்தனையாவது வளையம் என்று. கிரைண்டர் இரண்டு கணக்கிலும் உண்டு.